பன்னாட்டு அமைதிப் பூங்கா

பன்னாட்டு அமைதிப் பூங்கா என்பது ஐக்கிய அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திற்கும் கனடாவின் மானிட்டோபா மாகாணத்திற்கும் இடைப்பட்ட எல்லைக் கோட்டின் இருபுறமும் பரந்துள்ள ஒரு பொதுப் பூங்கா ஆகும். இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று எதிராக இனி ஆயுதம் எடுப்பதில்லை என்ற உறுதிமொழியின் அடையாளமாக 1932ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் இது மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதன் மொத்தப் பரப்பு 2,339 ஏக்கர் (ஏறத்தாழ 947 எக்டேர்). இதில் 1,451 ஏக்கரை மானிட்டோபாவும் 888 ஏக்கரை வடக்கு டகோட்டாவும் வழங்கின.

இப்பூங்காவை எந்தவொரு நாட்டின் அரசும் நேரடியாக நடத்துவதில்லை. இரு நாட்டவரும் இடம்பெறும் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று இதனைப் பேணி வருகிறது. பூங்காவின் உள்ளே எல்லை வேலி கிடையாது. பார்வையாளர்கள் எல்லைக் கோட்டைத் தடையின்றிக் கடந்து நடமாடலாம்.

பெயர்

தமிழில் "அமைதிப் பூங்கா" என்று பொதுவாக அழைக்கப்படும் இடங்கள் பல உள. போரில் இறந்தோரை நினைவுகூரும் பூங்காக்கள் (எடுத்துக்காட்டாக, இரோசிமா அமைதி நினைவுப் பூங்கா) ஒரு வகை. எல்லையில் அமைந்து இரு நாடுகளின் நட்பைக் குறிப்பவை மற்றொரு வகை. இக்கட்டுரையில் கூறப்படும் பூங்கா இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒரு குறிப்பிட்ட போரின் அழிவை நினைவூட்டுவது இதன் நோக்கமன்று. போர் நிகழாதிருத்தலே இதன் நோக்கமாகக் கூறப்பட்டது.

1956இல் வடக்கு டகோட்டா மாநில வாகனங்களின் எண் பலகைகளில் "அமைதிப் பூங்கா மாநிலம்" என்ற சொற்கள் பொறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மாநில சட்டமன்றம் இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. அன்றுதொட்டு இப்பெயர் அம்மாநிலத்தின் சிறப்புப் பெயராக வழங்கி வருகிறது.

அமைவிடம்

பூங்கா "ஆமை மலை" எனப் பொருள்படும் டர்ட்டில் மவுண்டன் மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது. இது உயர்ந்த மலையன்று. சுற்றியுள்ள புல்வெளிச் சமவெளியைவிடச் சுமார் 200 மீட்டர் உயர்ந்த, காடும் சிறு ஏரிகளும் நிறைந்த மேடு ஆகும். ஆஸ்பென், பிர்ச், ஓக் ஆகிய மரங்கள் இங்கு மிகுதியாகக் காணப்படுகின்றன. மூஸ் மான், வெள்ளைவால் மான், பீவர் முதலிய விலங்குகளும் நீர்ப்பறவைகளும் இப்பகுதியில் வாழ்கின்றன. மானிட்டோபாவின் டர்ட்டில் மவுண்டன் மாகாணப் பூங்காவும் இதே மேட்டுநிலத்தில் உள்ளது.

தெற்கே வடக்கு டகோட்டாவின் டன்சீத் நகரம் சுமார் 21 கி.மீ. தொலைவிலும், வடக்கே மானிட்டோபாவின் பாய்சவேன் நகரம் சுமார் 25 கி.மீ. தொலைவிலும் உள்ளன. வட அமெரிக்கக் கண்டத்தின் புவியியல் நடுப்புள்ளி என்று அறிவிக்கப்பட்டுக் கல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்ட ரக்பி என்னும் ஊர் தெற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் 281ஆம் எண் நெடுஞ்சாலையும் மானிட்டோபாவின் 10ஆம் எண் நெடுஞ்சாலையும் பூங்காவின் வாயிலருகே சந்திக்கின்றன.

எல்லையின் பின்னணி

1812 முதல் 1815 வரை ஐக்கிய அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் நடந்த போரின் பெரும்பகுதி இன்றைய கனடா எல்லையை ஒட்டியே நிகழ்ந்தது. 1813இல் அமெரிக்கப் படைகள் யோர்க் நகரில் (இன்றைய டொராண்டோ) அரசுக் கட்டடங்களை எரித்தன. 1814இல் பிரித்தானியப் படைகள் வாசிங்டன் நகரில் அமெரிக்க அதிபரின் மாளிகையை எரித்தன. 1814ஆம் ஆண்டு திசம்பரில் கையெழுத்தான கெண்ட் உடன்படிக்கை இப்போரை முடிவுக்குக் கொண்டுவந்தது. பேரேரிகளில் போர்க்கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்க 1817இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1818இல் செய்துகொள்ளப்பட்ட மற்றோர் உடன்பாடு, லேக் ஆப் தி வுட்ஸ் ஏரிப் பகுதியிலிருந்து ராக்கி மலைத்தொடர் வரை 49ஆம் வடக்கு அகலாங்கு எல்லையாக இருக்கும் என வரையறுத்தது.

தாளில் வரையப்பட்ட இக்கோட்டை நிலத்தில் குறிக்கும் பணி 1872 முதல் 1876 வரை நடந்தது. இரு தரப்பு நில அளவையாளர்களும் இரவில் விண்மீன்களை நோக்கி அகலாங்கைக் கணித்து எல்லைக் குறிகளை நட்டனர். நிலத்தடிப் பாறைகளின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் தூக்குக்குண்டு சில இடங்களில் சற்றே சாய்ந்து தொங்கும். இதனால் கணிப்பில் பிழை ஏற்பட்டு, சில எல்லைக் குறிகள் உண்மையான 49ஆம் அகலாங்கிலிருந்து சில நூறு அடி விலகி அமைந்தன. பிற்காலத்தில் இரு நாடுகளும் அவற்றைப் பிடுங்கி மாற்ற முற்படவில்லை. நடப்பட்ட குறிகளே எல்லை என்றும், அடுத்தடுத்த இரு குறிகளுக்கு இடைப்பட்ட நேர்கோடே எல்லைக்கோடு என்றும் உடன்படிக்கைகள் மூலம் ஏற்றுக்கொண்டன. எல்லை முழுவதும் காடுகளில் சுமார் 6 மீட்டர் அகலத்திற்கு மரங்கள் வெட்டப்பட்டு ஒரு திறந்த பட்டை பேணப்படுகிறது. பூங்காவின் எல்லைக்குள் இதே கோட்டின் மீதுதான் மலர்ப் பாத்திகளும் நீர்வழியும் அமைக்கப்பட்டுள்ளன.

நிலத்தின் முந்தைய மக்கள்

இந்த எல்லை வரையப்படுவதற்கு முன்னரே டர்ட்டில் மவுண்டன் பகுதி ஓஜிப்வே (அனிசினாபே), மேட்டீ, டகோட்டா ஆகிய மக்களின் வாழிடமாகவும் வேட்டை நிலமாகவும் இருந்தது. இவர்களுடைய குடும்பங்களும் வேட்டைப் பாதைகளும் பின்னர் வந்த எல்லைக்கு இருபுறமும் பரவியிருந்தன. 1794ஆம் ஆண்டின் ஜே உடன்படிக்கை தொல்குடியினர் எல்லையைத் தடையின்றிக் கடக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டிருந்தது.

வடக்கே, தென்மேற்கு மானிட்டோபாவின் நிலம் 1871இல் கையெழுத்தான இரண்டாம் எண் உடன்படிக்கையின்கீழ் வந்தது. தெற்கே, 1882இல் டர்ட்டில் மவுண்டன் சிப்பெவா மக்களுக்கென ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்பட்டுப் பின்னர் அது வெகுவாகச் சுருக்கப்பட்டது. 1892இல் அமெரிக்க அரசு முன்வைத்த மக்கம்பர் உடன்பாடு, ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் நிலத்துக்கு பத்து இலட்சம் டாலர் மட்டுமே ஈடாகக் கொடுத்தது. ஏக்கருக்குப் பத்து சென்ட் என்ற கணக்கில் இதனை "பத்து சென்ட் உடன்படிக்கை" என்று அம்மக்கள் அழைத்தனர். மூன்றாம் லிட்டில் செல் என்னும் தலைவர் இதனை ஏற்க மறுத்தார். எனினும் 1904இல் இது அமெரிக்க நாடாளுமன்றத்தால் ஏற்கப்பட்டது. இன்று அம்மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தின் மையமான பெல்கோர்ட், பூங்காவிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ளது.

இரு நாடுகளின் அமைதிக்காக 1932இல் அர்ப்பணிக்கப்பட்ட நிலம், மூன்றாவது தரப்பான தொல்குடியினரிடமிருந்து அதற்கு இரு தலைமுறைகளுக்குள் பெறப்பட்ட நிலம் என்பது பூங்காவின் வரலாற்றைப் படிப்போர் கருத்திற்கொள்ள வேண்டியதாகும்.

வரலாறு

எண்ணத்தின் தோற்றம்

இப்பூங்காவை முன்மொழிந்தவர் ஒன்டாரியோவைச் சேர்ந்த தோட்டக்கலை வல்லுநர் ஹென்றி ஜே. மூர் ஆவார். (இதே பெயர் கொண்ட ஆங்கிலேயச் சிற்பி வேறொருவர்.) 1928இல் கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் நகரில் நடந்த தோட்டக்கலைஞர்களின் கூட்டத்தில் கலந்துகொண்டு திரும்பியபோது, இரு நாட்டு மக்களும் சேர்ந்து பேணும் ஒரு பூங்காவை எல்லையிலேயே அமைக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1929இல் டொராண்டோவில் நடந்த கூட்டத்தில் அவர் இதனை முறைப்படி முன்வைத்தார். தோட்டக்கலைஞர்கள் இதனை ஏற்றனர். 1930இல் பூங்காவுக்கான அமைப்பு நியூயார்க் மாநிலத்தில் பதிவு செய்யப்பட்டது.

காலச் சூழல்

முதலாம் உலகப் போரில் கனடா ஏறத்தாழ 60,000 வீரர்களையும், ஐக்கிய அமெரிக்கா ஏறத்தாழ 1,16,000 வீரர்களையும் இழந்திருந்தன. போரை ஒரு கொள்கைக் கருவியாகப் பயன்படுத்துவதில்லை என்று நாடுகள் உறுதியளித்த கெலாக்-பிரியாண்ட் ஒப்பந்தம் 1928ஆம் ஆண்டு ஆகத்து மாதம் பாரிசில் கையெழுத்தானது. மூரின் எண்ணம் இச்சூழலில் பிறந்ததாகும்.

அதே ஆண்டுகளில் இரு நாடுகளின் படைத்துறைகளும் ஒன்றுக்கொன்று எதிரான போர்த் திட்டங்களை இரகசியமாக வைத்திருந்தன. கனடாவின் "முதலாம் பாதுகாப்புத் திட்டம்" 1921இல் வகுக்கப்பட்டது. அமெரிக்கா தாக்க முற்பட்டால், கனேடியப் படைகள் முந்திக்கொண்டு எல்லையைக் கடந்து அமெரிக்க நகரங்களைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1928இல் அது கைவிடப்பட்டது. அமெரிக்காவின் "சிவப்புப் போர்த் திட்டம்" பிரித்தானியப் பேரரசுடன் போர் மூண்டால் கனடாவைக் கைப்பற்றுவது குறித்தது. அது 1930இல், அதாவது பூங்கா அமைப்பு பதிவு செய்யப்பட்ட அதே ஆண்டில், ஒப்புதல் பெற்றது. இத்திட்டம் 1974இல்தான் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. 1932இல் பூங்காவின் விழாவுக்கு வந்தோருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இரு நாடுகளுக்கும் இடையே போர் என்பது அக்காலத்தில் முற்றிலும் கற்பனையானதன்று என்பதை இத்திட்டங்கள் காட்டுகின்றன.

இடத் தெரிவும் அர்ப்பணிப்பும்

ஏறத்தாழ 8,900 கி.மீ. நீளமுள்ள எல்லையில் பூங்காவுக்கு எந்த இடத்தையும் தெரிவு செய்திருக்கலாம். மக்கள் மிகுந்த கிழக்குப் பகுதி தவிர்க்கப்பட்டு, கண்டத்தின் நடுப்பகுதியை அண்டிய டர்ட்டில் மவுண்டன் 1931இல் தெரிவு செய்யப்பட்டது. வடக்கு டகோட்டாவும் மானிட்டோபாவும் நிலம் அளிக்க முன்வந்தமை இதனைச் சாத்தியமாக்கியது.

1932ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் நடந்த அர்ப்பணிப்பு விழாவில் சுமார் 50,000 பேர் கலந்துகொண்டதாக மதிப்பிடப்படுகிறது. அது பெரும் பொருளியல் வீழ்ச்சியின் கடுமையான ஆண்டுகளில் ஒன்று. அருகில் பெருநகரம் எதுவும் இல்லாத ஓரிடத்தில் இத்தனை பேர் கூடினர் என்பது குறிப்பிடத்தக்கது. விழாவுக்காக அப்பகுதியின் கற்களைக் கொண்டு எல்லைக் கோட்டின் மீது ஒரு கற்குவை நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. மனித இனம் வாழும் காலம் வரை ஒருவருக்கெதிராக மற்றவர் ஆயுதம் எடுப்பதில்லை என்று இரு நாடுகளும் உறுதி கூறுவதாக அதில் பொறிக்கப்பட்டுள்ளது. இது அரசுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை அன்று. இதனை மீறுவோருக்குத் தண்டனை எதுவும் இல்லை. பொதுமக்கள் முன்னிலையில் கல்லில் எழுதி வைக்கப்பட்ட சொல் என்பதே இதன் தகுதி.

கட்டுமானக் காலம்

விழாவின்போது பூங்கா என்று சொல்லத்தக்க எதுவும் அங்கு இல்லை. காடும் சதுப்பும் மட்டுமே இருந்தன. 1933இல் அமெரிக்க அதிபர் பிராங்கிளின் ரூசவெல்ட் வேலையற்ற இளைஞர்களுக்காகக் குடிசார் பாதுகாப்புப் படை என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அதன் முகாம் ஒன்று 1934இல் இப்பூங்காவில் அமைக்கப்பட்டது. அத்திட்டத்தில் சேர்ந்த இளைஞர்களுக்கு மாதம் 30 டாலர் ஊதியம். அதில் 25 டாலர் அவர்களின் குடும்பத்துக்கு நேரடியாக அனுப்பப்பட்டது. 1941 வரை இவர்கள் சாலைகள், பாலங்கள், ஏரிக்கரைகள், தங்குமிடங்கள் ஆகியவற்றைக் கட்டினர். கற்களையும் மரங்களையும் கொண்டு அவர்கள் எழுப்பிய மரவிடுதி இன்றும் உள்ளது.

இரண்டாம் உலகப் போரில் இரு நாடுகளும் ஒரே அணியில் போரிட்டன. போருக்குப் பின்னர் முறைசார் தோட்டமும் பெரும்பாலான நினைவுக் கட்டடங்களும் படிப்படியாக உருவாயின.

பூங்காவின் அமைப்பு

முறைசார் தோட்டம்

பூங்காவின் பெரும்பகுதி காடும் ஏரியுமாக விடப்பட்டுள்ளது. இரு நாடுகளின் பகுதிகளிலும் வாகனத்தில் சுற்றிவரும் பாதைகளும் நடைபாதைகளும் முகாமிடும் இடங்களும் உள்ளன. முறைசார் தோட்டம் எல்லைக் கோட்டையே நடு அச்சாகக் கொண்டு கிழக்கிலிருந்து மேற்காக நீள்கிறது. கோட்டின் மீது நீர்வழியும் தடாகங்களும் அமைந்துள்ளன. அவற்றின் இருபுறமும் சமச்சீரான நடைபாதைகளும் மலர்ப் படுகைகளும் உள்ளன. வடபுறப் பாதையில் நடப்பவர் கனடாவிலும் தென்புறப் பாதையில் நடப்பவர் அமெரிக்காவிலும் நடக்கின்றனர். இரு நாடுகளின் கொடிகளும் மலர்களால் வடிவமைக்கப்படுகின்றன.

மலர்க் கடிகாரம்

சுமார் 5.5 மீட்டர் விட்டமுடைய மலர்க் கடிகாரம் வாயிலருகே சரிவான ஒரு படுகையில் உள்ளது. இதன் முகப்பு 2,000 முதல் 5,000 வரையான சிறு செடிகளால் ஆனது. முட்கள் இயங்கும் பொறி நிலத்தடியில் உள்ளது. முட்களில் சிக்காதிருக்கக் குட்டையாக வளரும் செடிகளே தேர்ந்தெடுக்கப்பட்டு அடிக்கடி கத்தரிக்கப்படுகின்றன. முகப்பின் வடிவம் ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது.

அமைதிக் கோபுரம் (1982-2017)

தோட்டத்தின் மேற்குப் பகுதியில் எல்லைக்கு இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு காங்கிரீட்டுத் தூண்கள் 1982இல் எழுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் 120 அடி (சுமார் 37 மீட்டர்) உயரமுடையது. உலகின் நான்கு திசைகளிலிருந்தும் வந்து இரு நாடுகளிலும் குடியேறிய மக்களை இவை குறித்தன. பல ஆண்டுகள் பூங்காவின் அடையாளமாக அஞ்சலட்டைகளிலும் பாடநூல்களிலும் இக்கோபுரம் இடம்பெற்றது.

காங்கிரீட்டில் ஊடுருவும் நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. குளிர்காலம் கடுமையாகவுள்ள பகுதிகளில் நீர் உறைவதும் உருகுவதும் மாறி மாறி நிகழ்ந்து விரிசல்களைப் பெரிதாக்கும். நீரினால் சிதைவுற்ற தூண்களைச் செப்பனிடும் செலவு மிக அதிகமென மதிப்பிடப்பட்டதால், அவை 2017இல் அகற்றப்பட்டன. நிலைத்து நிற்க வேண்டுமென எழுப்பப்பட்ட இக்கட்டடம் 35 ஆண்டுகளே நின்றது.

அமைதி வழிபாட்டு மண்டபம்

1970இல் கட்டப்பட்ட இம்மண்டபம் எல்லைக் கோட்டின் மீதே நிற்கிறது. இதன் உட்சுவர்கள் மானிட்டோபாவில் வெட்டியெடுக்கப்படும் டின்டல் சுண்ணக்கல்லால் ஆனவை. பழங்காலக் கடல் உயிரினங்களின் புதைபடிவங்களை இக்கல்லில் வெறுங்கண்ணால் காணலாம். அமைதி பற்றிப் பல நாட்டு அறிஞர்களும் தலைவர்களும் கூறிய சொற்கள் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. கிழக்கு விண்மீன் சபை என்னும் தொண்டமைப்பு இதனைக் கட்டிக் கொடுத்தது.

பிற நினைவுச்சின்னங்கள்

- மணிக்கோபுரம்: 14 மணிகளைக் கொண்டது. 1976இல் நிறுவப்பட்டது. மணிகள் மானிட்டோபாவின் பிரான்டன் நகரத் தேவாலயம் ஒன்றிலிருந்து வந்தவை.
- அமைதிக் கம்பங்கள்: யப்பானிலிருந்து அன்பளிப்பாக வந்த ஏழு கம்பங்கள். உலகில் அமைதி நிலவ வேண்டும் என்ற கருத்து 28 மொழிகளில் இவற்றில் எழுதப்பட்டுள்ளது.
- செப்டம்பர் 11 நினைவிடம்: 2001இல் தாக்கப்பட்டு வீழ்ந்த நியூயார்க் உலக வணிக மையத்தின் எஃகு உத்தரங்களைக் கொண்டு 2002இல் அமைக்கப்பட்டது.
- கள்ளி வகைகளின் காட்சிக்கூடம்: வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஒருவர் தம் வாழ்நாளில் சேர்த்த பல ஆயிரம் கள்ளிகளையும் சதைப்பற்றுள்ள தாவரங்களையும் பூங்காவுக்கு அளித்தார். பனி சூழ்ந்த காலத்திலும் இதனைப் பார்க்கலாம்.

தோட்டப் பணி

முறைசார் தோட்டத்தில் ஆண்டுக்கு 1,50,000க்கும் மேற்பட்ட மலர்ச் செடிகள் நடப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து மடியும் ஓராண்டுத் தாவரங்கள். இப்பகுதியில் சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை -20 பாகை செல்சியசுக்கும் கீழே செல்வது வழமை. மே மாத இறுதியிலும் உறைபனி விழக்கூடும். செப்டம்பரில் மீண்டும் தொடங்கிவிடும். எனவே மலர்கள் திறந்த வெளியில் வாழக்கூடிய காலம் ஏறத்தாழ நான்கு மாதங்களே.

இதன் காரணமாகப் பணி குளிர்காலத்திலேயே தொடங்குகிறது. பாத்திகளின் வடிவம் முன்கூட்டியே வரையப்பட்டு, நாற்றுகள் பசுமைக்குடில்களில் வளர்க்கப்படுகின்றன. உறைபனி அபாயம் நீங்கியபின், மே இறுதியிலும் சூன் தொடக்கத்திலும் பணியாளர்களும் தன்னார்வலர்களும் அவற்றை நிலத்தில் நடுகின்றனர். சூலை, ஆகத்து மாதங்களில் தோட்டம் முழுமையாகப் பூத்திருக்கும். முதல் உறைபனியோடு அனைத்தும் அழிந்துவிடும். அடுத்த ஆண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்டடங்களைப் போலன்றி, தோட்டத்தை ஒருமுறை கட்டி முடித்துவிட இயலாது. ஓராண்டு நடவு தவறினால் அவ்வாண்டு பூங்காவில் மலர்கள் இரா. காங்கிரீட்டுக் கோபுரம் அகற்றப்பட்ட பின்னரும் பூங்கா அமைதிப் பூங்காவாகத் தொடர்வதற்கு ஆண்டுதோறும் செய்யப்படும் இப்பணியே அடிப்படையாகும்.

கல்விப் பணிகள்

1956இல் மெர்ட்டன் அட்கார்ட் என்னும் இசை ஆசிரியரின் முயற்சியால் இங்கு பன்னாட்டு இசை முகாம் தொடங்கப்பட்டது. கோடைதோறும் இரு நாடுகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து தங்கி இசை, நாடகம், நடனம், ஓவியம் முதலியவற்றைக் கற்கின்றனர். கனேடியப் படைவீரர் சங்கத்தின் ஆதரவில் 1960களில் இளைஞர் விளையாட்டு முகாமும் தொடங்கப்பட்டது. இரு நாட்டு மாணவர்கள் ஒரே அறையில் தங்கி ஒரே குழுவில் பயில்வது இம்முகாம்களின் சிறப்பாகும்.

நிருவாகமும் நிதியும்

பூங்காவை நடத்தும் அமைப்பின் ஆட்சிக்குழுவில் இரு நாட்டவரும் இடம்பெறுகின்றனர். வடக்கு டகோட்டா, மானிட்டோபா அரசுகளின் உதவி, வாகன நுழைவுக் கட்டணம், முகாம் வருவாய், தனியார் நன்கொடை ஆகியவை இதன் நிதி ஆதாரங்கள். நிதிக்காக நான்கு அரசுகளை (இரு நடுவண் அரசுகள், ஒரு மாநிலம், ஒரு மாகாணம்) அணுக வேண்டியுள்ளது. ஒரு தரப்பு நிதியைக் குறைத்தால் அதன் விளைவு மற்றத் தரப்பின் நிலத்திலும் தெரியும். எல்லைக் கோட்டின் ஒருபுறத் தோட்டத்தை மட்டும் தனியே பேணுவது நடைமுறையில் இயலாது.

எல்லை நடைமுறை

பூங்காவின் வாயில் இரு நாடுகளின் சுங்கச் சாவடிகளுக்கு இடையே அமைந்துள்ளது. ஆகவே உள்ளே வருபவர் மற்ற நாட்டின் சாவடியைக் கடக்க வேண்டியதில்லை. வெளியேறும்போது, தாம் செல்லும் நாட்டின் சாவடியில் நின்று சோதனைக்கு உட்பட வேண்டும். தாம் வந்த நாட்டுக்கே திரும்புவோருக்கும் இது பொருந்தும். எனவே பார்வையாளர்கள் உரிய ஆவணங்களைக் கொண்டுசெல்ல வேண்டியுள்ளது.

பூங்கா தொடங்கிய காலத்தில் இந்த எல்லையைக் கடப்பது எளிது. நெடுங்காலம் அமெரிக்கர்களும் கனேடியர்களும் தம் குடியுரிமையை வாய்மொழியாகக் கூறியே தரைவழியாகக் கடந்தனர். 2001ஆம் ஆண்டுத் தாக்குதல்களுக்குப் பின் இந்நிலை மாறியது. 2008 சனவரி இறுதியோடு அமெரிக்கா வாய்மொழி அறிவிப்பை மட்டும் ஏற்பதை நிறுத்தியது. 2009 சூன் 1 முதல் தரைவழி நுழைவுக்கும் கடவுச்சீட்டு அல்லது அதற்கு இணையான ஆவணம் கட்டாயமாக்கப்பட்டது. பூங்காவின் உள்ளே எதுவும் மாறவில்லை. அதற்குச் செல்லும் வழி மாறியது.

அமைதியின் வரம்புகள்

பூங்காவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் அமெரிக்காவின் மைனாட் விமானப்படைத் தளம் உள்ளது. அணுகுண்டு ஏந்தக்கூடிய பி-52 விமானங்கள் அங்கு நிறுத்தப்பட்டுள்ளன. வடக்கு டகோட்டாவின் வயல்வெளிகளில் பரவலாக அமைந்த ஏறத்தாழ 150 நிலத்தடி ஏவுகுழிகளில் மினிட்மேன் வகைக் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளும் உள்ளன. 1960களின் முற்பகுதியில் இவை நிறுவத் தொடங்கப்பட்டன. "அமைதிப் பூங்கா மாநிலம்" என்ற எண் பலகை தாங்கிய வாகனங்கள் இக்குழிகளின் வேலிகளை ஒட்டிய சாலைகளிலேயே செல்கின்றன. பூங்காவின் உறுதிமொழி இரு நாடுகளுக்கு இடையேயானது மட்டுமே. உலகின் பிற நாடுகள் தொடர்பாக அது எதையும் கூறவில்லை.

இரு நாடுகளின் நட்பும் மாறாதது என்று கொள்ள முடியாது. 2025இல் அமெரிக்கா கனேடியப் பொருள்கள்மீது கூடுதல் தீர்வை விதித்ததும், கனடா அமெரிக்காவின் 51ஆம் மாநிலமாக வேண்டுமென அமெரிக்க அதிபர் டோனால்ட் டிரம்ப் பலமுறை கூறியதும் கனடாவில் கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தன. அவ்வாண்டில் அமெரிக்காவுக்குப் பயணம் செய்த கனேடியர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நெடுங்காலமாகச் சடங்காகக் கருதப்பட்டு வந்த 1932ஆம் ஆண்டின் உறுதிமொழி, இச்சூழலில் மீண்டும் பொருள் பெற்றது எனலாம்.

ஒத்த இடங்கள்

அமெரிக்க-கனடா எல்லையில் இதே நோக்கம் கொண்ட வேறு இடங்களும் உள்ளன.

- அமைதி வளைவு: வாசிங்டன் மாநிலத்தின் பிளெய்ன் நகருக்கும் பிரித்தானியக் கொலம்பியாவின் சர்ரே நகருக்கும் இடையே எல்லைக் கோட்டின் மீது 1921இல் திறக்கப்பட்டது. கோவிட்-19 பெருந்தொற்றால் 2020இல் எல்லை மூடப்பட்டபோது, பிரிந்திருந்த குடும்பத்தினரும் இணையர்களும் இதனைச் சுற்றியுள்ள பூங்காவிலேயே சந்தித்துக்கொண்டனர். கனடாப் பகுதி அவ்வாண்டு சூனில் மூடப்பட்ட பின்னும் அமெரிக்கப் பகுதியில் சந்திப்புகள் தொடர்ந்தன.
- வாட்டர்டன்-கிளேசியர் பன்னாட்டு அமைதிப் பூங்கா: ஆல்பர்ட்டாவிலும் மான்டனாவிலும் ஏற்கெனவே இருந்த இரு தேசியப் பூங்காக்களை இணைத்து, ரோட்டரி சங்கங்களின் முயற்சியால் 1932இல் உருவானது. 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. இது காட்டுயிர்க் காப்பகம். டர்ட்டில் மவுண்டன் பூங்காவோ மனிதர் நட்டு வளர்ப்பது.
- ஹாஸ்கெல் நூலகம்: வெர்மான்ட் மாநிலத்தின் டெர்பி லைன், கியூபெக்கின் ஸ்டான்ஸ்டெட் ஆகிய ஊர்களுக்கு இடையே எல்லைக் கோட்டின் மீது கட்டப்பட்டு 1904இல் திறக்கப்பட்டது. அமெரிக்கப் பக்கத்திலுள்ள முதன்மை வாயிலைக் கனேடியர்கள் சோதனையின்றிப் பயன்படுத்தி வந்தனர். 2025 மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் இதற்குக் கட்டுப்பாடு விதிப்பதாக அறிவித்தனர். அதனைத் தொடர்ந்து கனடாப் பக்கத்தில் தனி நுழைவாயில் அமைக்கும் பணிக்கு நன்கொடை திரட்டப்பட்டது.